ஒடெஸ்ஸாவுக்குப் போன தந்தி

என் தங்கை விஜயலக்ஷ்மி கடலை முதன்முதலில் பார்த்தது இருபத்திரண்டாவது வயதில், சோவியத் யூனியனில், ஒடெஸ்ஸா என்ற துறைமுக நகரத்தில். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதுவரை யமுனைதான் பெரிய தண்ணீர். இப்போது டெல்லியில் ஓர் அரசாங்க நிறுவனத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். இரண்டு நாட்டு எஞ்சினீயர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் புரியவைப்பது அவள் வேலை. நான் ஹையர் செகண்டரியோடு நிறுத்திக்கொண்டு, டைப்பிங் கற்று, அமைச்சகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். விமானம் ஏறிய முதல் ஆளும் அவள். இதையெல்லாம் நான் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், 1979 மே மாதம் நடந்ததைத்தான் சொல்வேன்.

அதற்கு வைத்தி மாமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அம்மாவின் தம்பி. எங்களோடு இருந்தவர். விஜயாவைத் தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். அவள் போர்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சமயம், ஒரு காலை, அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்றைய பரீட்சையை எழுதிவிட்டு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கணக்குப் பரீட்சையை நன்றாக எழுதிய சந்தோஷத்தில் அவள் சிநேகிதிகளோடு கோல்கப்பா தின்றுவிட்டு, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தாள். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அந்தக் கோல்கப்பா விக்கற பையாவுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு, அண்ணா. என்னை ஒரு மாதிரியா பார்த்தான். மாமா போனது தெருவுக்கே தெரியும். நான் மட்டும் சிரிச்சிண்டு வந்தேன்" என்றாள் பிறகு. அதை அவள் மறக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, ஸ்காலர்ஷிப் கிடைத்து ஒரு வருஷப் படிப்புக்காக மாஸ்கோ புறப்பட்டபோது, பாலம் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எது நடந்தாலும் அன்னிக்கே எனக்குச் சொல்லணும். பரீட்சை, பண்டிகைன்னு தள்ளிப்போடப்படாது."

"அச்சா, சரி, போ. ஜல்தி. கூப்பிடறா பாரு."

"சத்தியம்னு சொல்லு."

"சத்தியம்."

மாஸ்கோவில் அவளுக்கு இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி லீலாவதி, மதுரைப் பக்கத்துப் பெண், அப்பா ராணுவத்தில். இன்னொருத்தி கல்கத்தா ஷர்மிளா. மே மாத விடுமுறையில் மூவரும் ஒடெஸ்ஸாவுக்குப் போவதாகவும், அங்கே ஒரு மாணவர் விடுதியில் தங்கப் போவதாகவும் முன்கூட்டியே விலாசத்தோடு எழுதியிருந்தாள். அப்பா என் பழைய அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு கருங்கடலைத் தேடினார்.

"கறுப்பாவா இருக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

"போய்ப் பார்த்துட்டு வந்து அவ சொல்லுவா" என்றார் அப்பா.

மே இரண்டாம் தேதி காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த அப்பா அப்படியே சாய்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சரோஜினி நகரிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் தமையன் ராமசுப்ரமணியன். குடும்பத்தில் சாஸ்திரம் என்றால் அவர் சொல்வதுதான். அழுது ஓய்ந்து, வாத்தியாருக்கு ஆள் அனுப்பி, ஐஸுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவரிடம் நான் மெதுவாகச் சொன்னேன்.

"விஜயாவுக்குத் தந்தி கொடுக்கணும், பெரியப்பா."

"எதுக்குடா? அவளால இப்போ வர முடியுமா?"

"முடியாது. தெரிய வேண்டாமா?"

"மாஸ்கோ திரும்பினப்புறம் தெரியட்டும். காதுல விழற வரைக்கும் தீட்டு கிடையாது. கேட்டவுடனே கட்டின துணியோட ஸ்நானம் பண்ணினா போறும். குழந்தை ஆயுசுல மொத தடவையா சமுத்திரம் பார்க்கப் போயிருக்கா. பார்த்துட்டு வரட்டுமேடா."

அவர் சொன்னதில் பிரியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவளும் தலையை ஆட்டினாள். "அவ கடல் பார்க்கணும்னு நேத்திக்குக்கூட அவர் சொல்லிண்டிருந்தார். அதைக் கெடுக்காதே, ராஜு."

யமுனைக் கரையில், நிகம்போத் மயானத்தில் காரியம் முடிந்தது. கொள்ளி வைத்துவிட்டு யமுனையில் முழுகினேன். எழுந்தபோது, படியேறி வந்த விஜயாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அவள் எந்தப் படியில் சிரித்துக்கொண்டு நிற்கிறாளோ? திரும்பி வரும் வழியில், காஷ்மீரி கேட் பெரிய தபால் ஆபீஸ் தெரிந்ததும் டாக்ஸியை நிறுத்தச் சொன்னேன்.

"கொள்ளி வெச்ச கர்த்தா நடுவழியில இறங்கப்படாதுடா!" என்றார் பெரியப்பா.

"அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

அவர் டாக்ஸிக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "துண்டையாவது நன்னாப் போத்திண்டு போ" என்றார்.

ஈர வேஷ்டியும் மழித்த தலையும் வெறுங்காலுமாக உள்ளே போனேன். தந்தி கவுண்டரில் நின்றவர்கள் ஒன்றும் கேட்காமல் வழி விட்டார்கள்.

"ஒடெஸ்ஸா? யே கஹாங் ஹை, பாயி சாப்?" என்றார் கிளார்க்.

"ரஷ்யா. சமுத்திரக் கரையில்" என்றேன் ஹிந்தியில். அவர் வாசகத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஆஜ் ஹீ ஜாயேகா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இன்றே போய்விடும் என்று. அப்பா இன்று காலை காலமானார், காரியங்களை நான் செய்கிறேன், நீ அங்கேயே இரு. இதுதான் நான் எழுதியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஊர் தெரியாத ஊர்ல குழந்தையை அழவிட்டுட்டே." தந்தி கிடைத்தது என்று விஜயாவிடமிருந்து இரண்டு வரி வந்திருந்தது. அவள் எப்படி இருக்கிறாள் என்று அதில் தெரியவில்லை.

ஜூலையில் விஜயா திரும்பினாள். மறுநாள் காலை, சமையல் உள்ளில் அம்மா அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைத் தள்ளி வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "சொல்லாம இருந்திருக்கலாமோடி? நாலு நாள் நிம்மதியா இருந்திருப்பியே."

விஜயா கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கப்பலில் ஒரு சுற்றுப் போக மூவரும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது விடுதிக்காரி தந்தியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். படித்ததும் உடனே குளிக்க வேண்டும் என்பதுதான் விஜயாவுக்குத் தோன்றியிருக்கிறது. விடுதியில் பொதுக் குளியலறை, சாயங்காலம்தான் திறப்பார்கள். அதனால் நேராகக் கடற்கரைக்கு நடந்திருக்கிறாள். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள்.

"கோட்டைக் கழட்டி ஷர்மிளாகிட்டக் குடுத்துட்டு, சல்வார் கமீஸோட இறங்கினேம்மா. கரையில ஒரு கிழவி, இந்தக் குளிர்ல யாராவது இறங்குவாளா, பைத்தியமான்னு கத்தினா. அப்பா போயிட்டார், எங்க வழக்கம் இதுன்னு ரஷ்யன்ல சொன்னேன். உடனே அவ அந்த ரெண்டு பேரையும் பிடிச்சுண்டா. வழக்கம்னா அவ தனியாவா போவா, வேடிக்கை பார்க்கறீங்களே, ஒருத்தி போய்க் கையைப் பிடிங்கோன்னு ஒரே திட்டு."

"அப்புறம்?"

"லீலா ஷூவோடயே வந்துட்டா. என் கையைக் கெட்டியாப் பிடிச்சிண்டு, பல்லெல்லாம் தந்தியடிக்க, 'ஏ விஜயா, உனக்கு நிமோனியா வந்தா உங்கண்ணனுக்கு நான் தந்தி குடுக்க மாட்டேன், ஆமா!' அப்படின்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுத்து."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாம்மா. அழுதுண்டே சிரிச்சேன். ஆனா தெரிஞ்சு சிரிச்சேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா கப்பல்ல நின்னுண்டு தெரியாமச் சிரிச்சிருப்பேன். ரெண்டும் ஒண்ணு இல்லேம்மா."

மிச்ச நாட்களும் அங்கேயே இருந்தார்களாம். அவள் ரொட்டியும் தயிரும் மட்டும் சாப்பிட, மற்ற இருவரும் அதையே சாப்பிட்டார்களாம். தினமும் காலையில் அதே இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஊரின் மரங்களை, டிராம் வண்டிகளை, துறைமுகத்துக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டை அவள் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கறுப்பாவா இருந்தது?" என்றாள் கடைசியில்.

"இல்லேம்மா. பச்சை. மேகம் வந்தா சாம்பல்."

சாயங்காலம் பெரியப்பா வந்தார். அம்மா விஜயாவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். லீலாவதியின் கேலி வந்த இடத்தில்கூட அவர் முகம் அசையவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"சங்கல்பம் ஏதாவது பண்ணிண்டியா?"

"மந்திரமெல்லாம் தெரியாது, பெரியப்பா. முழுகறச்சே அப்பா பேரைச் சொன்னேன்."

"வாய்விட்டுச் சொன்னியோ?"

"லீலா காதுல விழற மாதிரி."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது போறும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி கொண்டாடா, ராஜு" என்றார்.

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா போய்க் கொண்டுவந்துவிட்டாள். அவருக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர்.