சத்தத்தால் போட்ட வேலி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. பை நிறைய வெடி கொண்டுபோனேன். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவன் வேறு என்ன கொண்டுபோவான்?

மச்சான் கேட்டிருந்தார். போன வருஷம் யானைகள் தோப்புக்குள் இறங்கித் தென்னங்கன்றுகளைப் பிடுங்கிவிட்டன. தோப்பை ஒட்டி ஓர் ஓடை. அதுதான் அவை இறங்கும் பாதை. யானை வழித்தடம், வேலி போட்டு மறிக்கக் கூடாது என்று அரசாங்கம் போர்டு வைத்திருக்கிறது.

“வேலிதான போடக் கூடாது மாப்ளே... வெடி போடலாம்ல?” என்றார் மச்சான். சிரித்தேன்.

பொழுது சாயும் நேரம் வந்தன. பெரிய யானைகள், நடுவில் ஒரு குட்டி. தோப்புப் பக்கம் திரும்பவே இல்லை. ஓடையோடு நேராக நடந்தன – கீழே கண்மாய்க்கு, தண்ணீருக்கு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

தெரிந்துதான் பற்றவைத்தேன்.

நின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்த் தோப்பிலும் வெடித்தார்கள். நாங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று... போட்டி மாதிரி ஆகிவிட்டது. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மலைக்கே திரும்பின. மேலே சுனையெல்லாம் வற்றிக் கிடக்கிறது.

“தண்ணிக்குத்தானலே வந்துச்சுக,” என்றாள் அக்கா.

சத்தம் கேட்டு வனக்காவலர் பைக்கில் வந்தார். மச்சான் எதிர்த் தோப்பைக் கை காட்டினார். அவர்கள் எங்களைக் காட்டினார்கள். காவலர் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்த காகிதத்தைப் பொறுக்கிப் பார்த்தார். ஒரே கம்பெனி. எங்கள் கம்பெனி.

“நாங்க வேலி எதும் போடலையே சார்,” என்றார் மச்சான்.

“கம்பியில போட்டிருந்தா பிடுங்கி எறிஞ்சிருப்பேன். நீங்க சத்தத்துல போட்டிருக்கீக. நான் எதைப் பிடுங்க?”

கையிலிருந்த காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இதெல்லாம் எங்கன வாங்குறீக?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

சட்டம் போட்டவர்கள் கம்பியை நினைத்திருப்பார்கள். கல்லை, கட்டடத்தை நினைத்திருப்பார்கள். என்னை நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் குட்டி அன்றைக்குத் தண்ணீர் குடித்ததா? தெரியாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஃபோர்மேன் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். “அடிவாரத்துத் தோப்புக்காரங்க ஆர்டர் வந்து குமியுதுப்பா. அங்கன வேலி போடக் கூடாதாம்ல.”

உட்கார்ந்து பெட்டி கட்டினேன்.

தீபாவளிக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது... எங்களுக்குச் சீசன் தொடங்கிவிட்டது.