காரின் கூரைத் துணியும் அறுவடைக் கூலியும்

கூலித் தகராறில் என் வயல் உட்பட எங்கள் ஊர் அறுவடை நின்றிருந்த சமயம். யாரும் வேலைக்கு வராததால், பழைய காரில் தலைமேல் தொங்கிய கூரைத் துணியை நானே மாற்றிக்கொண்டிருந்தேன். பசை தடவி ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் விழுந்தது.

கூலி பேச வந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்து மாரிமுத்து சிரித்தார். "துணிகூட உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்களே!"

"கிண்டலா? ஏறி அந்தப் பக்கத்தைப் பிடிய்யா!"

அதுவரை அவரை வாசலில் நிற்கவைத்தே பேசியவன் நான். கோபம் வந்தால் உள்ளே போய்விடுவேன். அன்று பசை காயும்வரை இருவராலும் கையை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதை முதன்முறையாக முழுக்கக் கேட்டேன். நியாயமாகவே இருந்தது.

"கேட்ட கூலியே தர்றேன். நாளைக்கு எல்லாரும் அறுப்புக்கு வாங்கய்யா" என்றேன்.

முன்பே அவரை உட்காரவைத்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் காரை விற்கும்வரை அந்தத் துணி கொஞ்சமும் தொங்கவில்லை. நாங்கள் இருவரும் ஒட்டியதாக்கும்!