வராத முப்பதாம் நோன்பு

2025-ஆம் ஆண்டு மார்ச் 29, சனிக்கிழமை. ஷார்ஜாவில் ரோலா பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டின் சமையலறையில் நடந்தது இது. ரமலான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள், பொழுது சாய்ந்து நோன்பு திறந்து சற்று நேரம் ஆகியிருந்தது.

தேதியோடு தொடங்குவது என் பழக்கம். நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கன்னியாகுமரிக் கடற்கரை ஊரிலிருந்து வளைகுடாவுக்கு வந்த நாள் முதல் டைரி எழுதுகிறேன். என்றைக்கு மழை பெய்தது, எந்தப் புத்தகத்தை எத்தனை நாளில் முடித்தேன், எந்த வருடம் பெருநாளுக்கு முன் எத்தனை நோன்பு எல்லாம் அதில் இருக்கும். டைரி எழுதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன் என்று என் கணவர் கேலி செய்வார். அவர் ஏசி மெக்கானிக். எங்கள் மகள் ஊரில் என் அக்கா வீட்டில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஃப்ளாட்டில் இரண்டு குடும்பங்கள். ஒரு பக்கம் நாங்கள், மறு பக்கம் ஒரு பிலிப்பினோ அப்பாவும் மகளும். நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'பிளெஸ் யூ' சொல்வார்கள். அப்பாவுக்கு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. என்னை 'ஆத்தே' என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். மகள் பத்தாம் வகுப்பு. அம்மா அல் அய்னில் ஓர் அரபுக் குடும்பத்தின் வீட்டில் தங்கி, மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். மாதத்தில் ஒரு நாள் ஷார்ஜாவுக்கு வந்து போவார். அவர் வரும் நாளெல்லாம் எனக்கு டூட்டியாகவே அமைந்ததால் நேரில் பார்த்ததில்லை. அவர் வந்து போன மறுநாள் சமையலறை அலமாரி துடைத்து அடுக்கியிருக்கும்.

அந்த வருடம் ஒரு சிக்கல். பெருநாள் முடிந்த கையோடு அந்த அரபுக் குடும்பம், வீட்டு மேடத்தின் மேல்படிப்புக்காக வெளிநாடு போகிறது. குழந்தைகளோடு இந்த அம்மாவும் போயாக வேண்டும். திரும்பி வர ஒன்றரை வருடமாவது ஆகும். போவதற்கு முன் ஒரே ஒரு நாள் லீவு. "பெருநாளுக்கு வீடு நிறைய விருந்தாளிகள், அன்றைக்கு விட முடியாது. அதற்கு முன்னால் சனியோ ஞாயிறோ, எது வேண்டுமோ சொல்" என்று மேடம் கேட்டிருக்கிறார்.

சனிக்கிழமை என்றால் அப்பாவுக்கு டூட்டி. அம்மாவும் மகளும் மட்டும் இருக்கலாம். ஞாயிறு என்றால் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் நோன்பு முப்பது வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை பெருநாளுக்கு முந்தைய நாள். சனிக்கிழமை மாலையே பிறை தெரிந்துவிட்டால் ஞாயிறே பெருநாள்.

புதன்கிழமை மாலை அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் சமையலறைக்கு வந்து, நான் குறிப்பெழுதி வைக்கும் சுவர்க் காலண்டர் முன் நின்றாள்.

"ஆன்ட்டி, பெருநாள் ஞாயிறா, திங்களா? மாமா இன்றைக்குள் சொல்ல வேண்டும்." மாமா என்றால் அவளுக்கு அம்மா.

நான் பழைய டைரிகளை எடுத்து வந்தேன். முந்தைய ஆறு வருடங்களில் நான்கு முறை முப்பது நோன்பு. சனிக்கிழமை பிறை தெரிவது கடினம் என்று வானியல் தெரிந்தவர்கள் சொன்னதாகப் பேப்பரிலும் படித்திருந்தேன்.

"திங்கள்தான் பெருநாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்" என்றேன்.

"ஷ்யூரா?"

"ஷ்யூர்."

பேனாவை எடுத்து, காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'அம்மா வருகை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தப் பெண் அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். ஸ்டவ் பக்கம் நின்ற என் கணவர் மட்டும் முணுமுணுத்தார். "உனக்க டைரியப் பாத்துட்டுத்தான் பெறை உதிக்குமாட்டி? ஊர்ல நம்ம பிள்ளைய ஏமாத்துனது போதாதா?"

"உங்க ஏசி மாதிரி இல்ல, என் கணக்கு தப்பாது" என்றேன். அப்படித்தான் சொன்னேன். அன்றைய பக்கத்தில் பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை அந்தப் பெண் மறுநாளைக்கான சமையலை ஆரம்பித்திருந்தாள். சோயா சாஸும் வினிகரும் பூண்டும் சேர்த்துக் கோழி ஊறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கும் என்று இனிப்புத் தக்காளி சாஸில் நூடுல்ஸ் மாதிரி ஒன்று. என் போன் அதிர்ந்தது. கிளினிக் குரூப்பில் முதல் வாழ்த்து. பிறகு இரண்டாவது, பத்தாவது. கீழே தெருவில் யாரோ சத்தமாக ஈத் முபாரக் சொன்னார்கள். கார்கள் ஹாரன் அடித்தன. பள்ளிவாசலில் பெருநாள் தக்பீர் முழக்கம் தொடங்கிவிட்டது.

அவள் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அது என்ன சத்தம்?"

இரண்டு வருடமாக இங்கே இருக்கிற பெண். அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும். நான் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்றுதான் கேட்டாள்.

"பெருநாள்தான்மா. நாளைக்கு."

 கோழிச் சட்டியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை என்று எடுத்து மறுபடி மூடினாள். பிறகு அறைக்குள் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் பேசியது எனக்குப் புரியாத மொழி. ஆனால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது கேட்டது. அரை மணி நேரம் கழித்து அப்பா டூட்டி முடிந்து வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. என்னைப் பார்த்து, "ஹேப்பி ஈத், ஆத்தே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் கணவர் அறையிலிருந்து வந்தார். கம்பெனி வேன் சாவியை மேசையில் வைத்தார். "காலையில பத்து மணிக்கு எல்லாரும் ரெடியா இருங்க. அவங்கள விடலன்னா நாம போவோம்" என்றார்.

ஞாயிறு காலை நாலு பேரும் கிளம்பினோம். பின்சீட்டில் அவள் மடியில் ஃபாயில் மூடிய சட்டி. வழியில் மணல் மேட்டோரம் புத்தாடையோடு குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. அப்பா அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். அவள் சட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வில்லாவின் முன்னால் பத்துப் பன்னிரண்டு பெரிய கார்கள். பக்கவாட்டு இரும்புக் கதவு திறந்து, ஏப்ரனோடு ஒரு பெண் ஓடி வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. அதை இறக்கிவிட ஆள் கிடைக்கவில்லை போல. அந்தக் குழந்தையோடு சேர்த்துத்தான் மகளைக் கட்டிப்பிடித்தார். குப்பைத் தொட்டி நிழலில் மூன்று பேரும் நின்று, சட்டியிலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட்டார்கள். அரபுக் குழந்தைக்கும் ஒரு வாய் கொடுத்தாள் மகள். நாங்கள் வேனிலேயே இருந்தோம். பழக்கதோஷம், நான் மணி பார்த்தேன். பதினொன்று நாற்பதுக்கு வந்தார். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

போகிற அவசரத்திலும் அந்த அம்மா வேன் ஜன்னலுக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்கள்தான் காலண்டர் அக்காவா?" என்று கேட்டுச் சிரித்தார். "என் மகளைப் புதன்கிழமையிலிருந்து உங்கள் காலண்டர்தான் சந்தோஷமாக வைத்திருந்தது." என் கையில் நாலு பேரீச்சம்பழ பிஸ்கட்டுகளை டிஷ்யூவில் சுற்றித் திணித்துவிட்டு ஓடினார். கதவு மூடியது. மன்னிப்புக் கேட்க வைத்திருந்த சொற்கள் அப்படியே என்னிடம் நின்றுவிட்டன.

இது நடந்து இரண்டு வாரம் கழித்து, அவள் பென்டிரைவோடு வந்தாள். விடுமுறை வீட்டுப்பாடம் பிரின்ட் எடுக்க வேண்டும். எங்கள் அறையில்தான் பிரின்டர். விடுமுறை, படிப்பு, தான் காணும் ஒரு சமூகப் பிரச்சினை மூன்றையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். "படிக்கலாமா?" என்று கேட்டேன். "ஸ்பெல்லிங் பாருங்கள், ஆன்ட்டி" என்றாள்.

மற்ற பிள்ளைகள் பிளாஸ்டிக் குப்பையைப் பற்றியும் டிராஃபிக்கைப் பற்றியும் எழுதுவதாக அவளே ஆரம்பித்திருந்தாள். ஊரில் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடுவதைப் பற்றிக் கொஞ்சம். கணக்குப் பாடம் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். பிறகு இப்படி எழுதியிருந்தாள். மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களின் விடுமுறை அவர்கள் கையில் இல்லை. அதனால் அவர்கள் குழந்தைகளின் விடுமுறையும் அவர்கள் கையில் இல்லை. அதற்குக் கீழே நான் எதிர்பார்க்காத ஒன்று. 'பக்கத்து அறை ஆன்ட்டி நர்ஸ். வெள்ளிக்கிழமைகளில் தன் மகளிடம் போனில், ஊருக்கு வரும் தேதிகளை ஆங்கிலத்தில் சொல்வது தடுப்பு வழியாகக் கேட்கும். ஜூன் பத்து, ஆகஸ்ட் பதினைந்து, டிசம்பர் இருபது. அந்தத் தேதிகளில் ஆன்ட்டி இங்கேதான் இருப்பார். அவர் எங்களுக்குச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பொய் இல்லை. அவருக்கும் அந்த நாள் வேண்டியிருந்தது.'

ஸ்பெல்லிங் தப்பு ஒன்றுகூட இல்லை. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு, பழைய டைரிகளைப் பிரித்துப் பார்த்தேன். நான் வாங்கிய லீவுகள் எல்லாம் அதில் இருந்தன. மகளிடம் வருவேன் என்று சொல்லி, போகாமல் விட்ட தேதிகள் ஒன்றுகூட அதில் இல்லை. நடந்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் வழக்கம்போல் கேட்டாள். "எப்பம்மா வருவ?"

டூட்டி ரோஸ்டர் இன்னும் வரவில்லை, லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைக்குமா என்று தெரியாது, கிடைத்தால் சொல்கிறேன் என்றேன். இப்படி அவளிடம் நான் பேசியதே இல்லை.  அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"அம்மா, அப்பம் இந்தத் தடவ நெசமாட்டே வாறியா?" என்றாள்.

அந்த செப்டம்பரில் பக்கத்து அறைப் பெண் சமையலறை ஜன்னலில் காகித நட்சத்திரம் கட்டினாள். எங்கள் ஊரில் டிசம்பரில்தான் கட்டுவோம், இது சீக்கிரம் இல்லையா என்று கேட்டேன். "கிறிஸ்துமஸுக்குப் பிறை பார்க்க வேண்டாம் ஆன்ட்டி, அதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றாள். அவள் அம்மா இன்னும் திரும்பவில்லை. புதுக் காலண்டர் மாட்டிய அன்று, அம்மா வரும் நாளை எந்தக் கட்டத்தில் குறிக்கலாம் என்று அவள் கேட்கவும் இல்லை, நான் பேனாவை எடுக்கவும் இல்லை. காத்திருக்கிறவர்களுக்கு ஒரு தேதியைக் கொடுத்து அனுப்பிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதும், தெரியாது என்று சொல்லிவிட்டு அவர்களோடு சேர்ந்து காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதும், அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.