சொட்டக்காவும் கழற்றாத மூடியும்

முலாம் பூசும் கம்பெனியில் கழிவுநீரைச் சோதிப்பவர் சொட்டக்கா. அவருக்குப் பாட்டில் கழுவிக் கொடுப்பது என் வேலை. தண்ணீரில் சயனைடு எவ்வளவு என்று பார்க்க, கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். மஞ்சள் நிறம் சிவக்கும்வரை வாய்க்குள் எண்ணுவார். வீட்டில் இருமல் மருந்துக்கும் அதே கைதான். "இவ விஷம் வச்சாலும் அளவாத்தான் வைப்பா" என்பார் அவர் வீட்டுக்காரர்.

அளவு இரண்டைத் தாண்டினால் கழிவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறக்க விடமாட்டார். மறுபடி மருந்து ஊற்றி விஷத்தை முறிக்க வேண்டும்; அதுவரை பூச்சு வேலை நிற்கும். மேனேஜருக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். தானாகவே அளக்கும் மிஷின் வாங்கலாம் என்று இரண்டை வரவழைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

முதலாவது, அலமாரி உயரம். அக்காவின் கணக்கோடு ஒத்துப்போனது. ஆனால் ஒரு தடவை அளக்க முக்கால் மணி நேரம் முனகியதால், மேனேஜர் அதை அன்றே திருப்பி அனுப்பினார். இரண்டாவது கையடக்கம். கொண்டுவந்த விற்பனைக்காரரின் சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். அது நொடியில் 'ஒன்று' என்று காட்டியது. மறுநாளும் ஒன்று. மூன்றாம் நாள் அக்கா நான்கு என்றார். அது அப்போதும் ஒன்று.

"மிஷின் பொய் சொல்லுமா? உங்க கண்ணுக்குத்தான் வயசாயிடுச்சு. திங்கட்கிழமையிலேருந்து பேக்கிங்குக்குப் போயிடுங்க" என்றார் மேனேஜர்.

பத்தொன்பது வருஷ நாற்காலி. அக்கா வாயைத் திறக்கவில்லை. வால்வையும்தான்.

அன்று மேசை துடைக்கும்போது பார்த்தேன். அந்தக் குட்டி மிஷினில், தண்ணீரில் முக்குகிற முனையில் கறுப்பு ரப்பர் மூடி. வழியில் அடிபடாமலிருக்க மாட்டியதை யாரும் கழற்றவேயில்லை. அக்காவின் காதில் சொன்னேன். இடுப்பில் ஒரு கிள்ளு விழுந்தது.

"உஷ்! முக்காட்டைச் சபையில வச்சுத்தான்டி எடுக்கணும்."

மறுநாள் மேனேஜரையும் விற்பனைக்காரரையும் கூப்பிட்டார். எல்லோருக்கும் டீ கொடுத்தார். எண் மட்டும் ஒட்டிய மூன்று பாட்டில்களை நீட்டினார். விற்பனைக்காரர் முனையை வரிசையாக முக்கினார். ஒன்று, ஒன்று, ஒன்று.

"மூணுமே எல்லைக்குள்ளதான் மேடம்!"

"நல்லாப் பாருங்க தம்பி. ரெண்டாவதுலயும் ஒண்ணா?"

"அச்சுப் பிசகாம ஒண்ணு."

"ஐயையோ, அது குழாய்த் தண்ணியாச்சே! நீங்க குடிக்கிற டீயே அதுலதான போட்டேன்."

விற்பனைக்காரரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. மேனேஜர் தன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். அது எப்போதோ காலி.

"யாருக்காவது தலை சுத்துதா?" என்று அக்கறையாக விசாரித்தார் அக்கா. பிறகு கையுறை மாட்டி, முனையிலிருந்த மூடியைப் பட்டென்று உருவினார். "இதைக் கழட்டிட்டு முக்குங்க தம்பி. சட்டி மூடியைத் தொறக்காம உப்புப் பார்த்தா எப்படி?"

இப்போது குழாய்த் தண்ணீருக்குப் பூஜ்ஜியம். தொட்டித் தண்ணீருக்கு நான்கு. அக்காவே ஐந்து இருக்கும்படி அளந்து கலந்துவைத்த மூன்றாவதுக்கு ஐந்து.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "மிஷின் நல்ல மிஷின்தான், இதையே வாங்கிடலாம். ஆனா தினமும் அதைச் சரிபார்க்க ஒரு ஆள் வேணுமே."

"பேக்கிங்ல கேட்டுப் பாருங்க சார்" என்றார் அக்கா.

திங்கட்கிழமை அவர் தன் நாற்காலியில்தான் இருந்தார். வெகுநாளாய் மொட்டையாகக் கிடந்த அவர் பேனாவுக்கு அந்த ரப்பர் மூடி கச்சிதமாகப் பொருந்திவிட்டது.