கடைசி சைக்கிளின் மணி

எங்கள் ஊரிலிருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் சைக்கிளுக்கென்று இடம் கிடையாது. தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். அதற்கப்புறம் மண், ஜல்லி, உடைந்த பாட்டில். மழை பெய்தால் சேறு. நெடுஞ்சாலையில் நெரிசல் என்று கிரானைட் கல் ஏற்றிய லாரிகளும் கம்பெனி பஸ்களும் காய்கறி வண்டிகளும் இந்தக் குறுக்குச் சாலையில்தான் புகுந்து வரும். எதிரே வருவதைக் கண்ணால் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். பின்னால் வருவதுதான் பயம்.

அதனால் யாரும் தனியாகப் போவதில்லை. நாங்கள் நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராகப் போவோம். கடைசியில் வருகிறவருக்குத்தான் பொறுப்பு. பின்னால் பெரிய வண்டி வந்தால் அவர் மணியை ஒரு தடவை அடிப்பார். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் மண்ணில் இறங்கிவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும், பள்ளத்தில் சக்கரம் மடங்கும். வண்டி போனதும் கடைசி ஆள்தான் முதலில் தாருக்கு ஏறுவார். பின்னால் வேறு எதுவும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு இரண்டு தடவை அடிப்பார். அப்புறம்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். இதை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. அந்தச் சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிற எல்லாக் கூட்டமும் இப்படித்தான் போகும்.

எங்கள் வரிசையில் கடைசி சைக்கிள் பெத்தண்ணனுடையது. பெத்த என்றால் தெலுங்கில் பெரிய. எங்களில் வயதில் பெரியவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அதனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. இரும்புத் தகட்டை அடித்து வடிவம் கொடுக்கிற பிரஸ் மிஷினில் காண்ட்ராக்ட் ஆளாக வெகு காலமாக வேலை செய்தார். முன்னால் போகிற இருவரும் அதே கம்பெனிதான். ஒருவருக்கொருவர் மச்சானும் மாமனும், எங்களுக்கும் அதுவே பெயர். மாமன் கன்னடக்காரர், வாய் ஓயாது. நான் பக்கத்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டுகிறேன். எனக்குப் பெத்தண்ணனுக்கு முன்னால் மூன்றாவது இடம். எனக்கு அது வசதியான இடம். முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். பேச வேண்டிய அவசியம் வராது. நான் ஐந்தாவது வரை படித்தேன், அந்த வகுப்பிலும் நடு பெஞ்சுதான்.

பெத்தண்ணன் கடைசியில் வந்ததற்குக் காரணம் அவர் காது. ஏரி வளைவைத் தாண்டி லாரி வரும்போதே தெரிந்துவிடும் அவருக்கு. லோடு வண்டியா காலி வண்டியா என்றுகூடச் சொல்வார். மணி அடித்து, நாங்கள் நிதானமாக இறங்கி, நாலு மிதி மிதித்த பிறகுதான் லாரி எங்களைக் கடக்கும்.

அந்த நேரம் குறைந்துகொண்டே வந்ததை முதலில் கவனித்தவன் நான்தான். மணிக்கும் லாரிக்கும் நடுவே நாலு மிதி இருந்தது இரண்டாயிற்று. அப்புறம் மணி அடித்த கையோடு லாரியின் காற்று முதுகில் இடித்தது. ஒரு நாள் மணியும் லாரியும் ஒன்றாக வந்தன. நான் பள்ளத்தில் விழுந்து முழங்கை தேய்ந்தது.

தொழிற்பேட்டை முனையில் இருக்கிற டீக்கடையில் கன்னடக்கார மாமன் அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன்ணா, மணிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா? லாரிக்காரன் என் முதுக சொறிஞ்சி விட்டுட்டுப் போறான்.”

“உனக்குச் சொறிய ஆள் இல்லன்னு பாவம் பார்த்திருப்பான் மாமா,” என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். பெத்தண்ணனும் சிரித்தார். ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில் சிரித்தார். நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அவருக்கு வலது பக்கம் போய் நின்று, “அண்ணா, டீ,” என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சாலையைப் பார்த்தபடியே நின்றார். நாங்கள் மூன்று பேர் தினமும் எங்கள் முதுகை ஒப்படைத்திருந்த ஆள் அவர்.

பல நாள் அதை மனதிலேயே வைத்துக்கொண்டு போனேன். எனக்குப் பேச்சு வருவதில்லை. ஒரு வார்த்தையை நாலு தரம் உள்ளே சொல்லிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிடுவேன். ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் உடம்பு நடுங்கியது. ஒரு சாயங்காலம் பாலத்தில் வேலை நடந்ததால் எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். முன்னால் போன இருவரும் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். நான் அவருடைய இடது பக்கம் ஒட்டிப் போய்க் காதருகே சொன்னேன்.

“அண்ணா, மணி லேட்டா வருது.”

அவர் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போன பிறகு, “தெரியும்ரா,” என்றார்.

“எப்பத்திலருந்துண்ணா?”

“மிஷின் பக்கம் இருக்கிற காது எப்பவோ போச்சி. இந்தக் காது இப்பதான் போய்க்கினு இருக்குது.”

“அப்ப எப்பிடி மணி அடிக்கிறீங்க?”

“வெயில் இருந்தா நெழல் வரும். காலைல போறப்பவும் சாயங்காலம் வர்றப்பவும் நமக்கு முதுகுலதான வெயிலு? லாரியோட நெழல் தார்ல முன்னால ஓடியாரும். பார்த்ததும் அடிச்சிடுவேன்.”

“மோடம் போட்டிருந்தா?”

அவர் சிரித்தார். “உன் தோளப் பார்ப்பேன். லாரி சத்தம் கேட்டா உன் தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறும். பயந்தாங்கொள்ளிதான நீ.”

மேகம் மூடிய நாட்களில் எல்லாம் அவர் கேட்டுக்கொண்டு வந்தது என் காதால்தான். நான் பயந்தேன், அதைப் பார்த்து அவர் மணி அடித்தார், அந்த மணியை நம்பி நான் இறங்கினேன்.

“யார்கிட்டயும் சொல்லிடாத,” என்றார். “முன்னால போறவன் வாய் சும்மா இருக்காது. கேண்டீன்ல பேசுவான், சூப்பர்வைசர் வரைக்கும் போவும். செக்கப் வேற வரப்போவுது. காதுல மாட்டி, சத்தம் கேட்டா பட்டன் அமுக்கச் சொல்வாங்க இல்ல, போன தடவ டெஸ்ட் பண்ற பொண்ணு மூஞ்சியப் பார்த்தே அமுக்கினேன். செவுடுன்னு தெரிஞ்சா மறுநாளே கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்க.”

“அப்ப கடைசில நான் வர்றேன்.”

“நீயா? நீ மணி அடிச்சா எறும்புக்குக்கூடக் கேக்காதேப்பா.”

இருந்தாலும் மறுக்கவில்லை. மறுநாள் காலையில், செயின் நழுவுகிறது, மெதுவாகத்தான் வருவேன், கடைசியில் வருகிறேன் என்று மற்றவர்களிடம் சொன்னேன். அதைச் சொல்வதற்குள் காது மடல் சூடாகிவிட்டது. “புதுப்பொண்ணு மாதிரி எல்லாருக்கும் பின்னால ஒளியறான் பாரு,” என்றார் மாமன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

என் மணியும் பெத்தண்ணனுக்குக் கேட்காது. ஆனால் முன்னால் இருவர் இருந்தார்கள். நான் ஒரு மணி அடித்ததும் அவர்கள் மண்ணில் இறங்குவார்கள், அதைப் பார்த்து அவரும் இறங்குவார். ஒரு மிதி பிந்தும், அவ்வளவுதான். அதைச் சரிக்கட்ட நான் முன்கூட்டியே அடித்தேன். சில சமயம் ஒன்றுமில்லாத சத்தத்துக்கும் அடித்தேன். திட்டு வாங்கினேன். பரவாயில்லை என்று இருந்தது. மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடிற்று. செக்கப்பும் எப்படியோ தள்ளிப்போயிற்று.

ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. லாரி போனதும், நான் மணி அடிப்பதற்கு முன்பே அவர் தாருக்கு ஏறிவிடுவார். பின்னால் ஒரு பார்வை. கட்டைவிரல் தானாக இரண்டு தடவை அடித்துவிடும். அதற்கப்புறம் நானும் அடிப்பேன்.

“ஒரு ரயிலுக்கு ரெண்டு ஸ்டேஷன் மாஸ்டரா?” என்று மாமன் சிரிப்பார்.

நான் அவரிடம் சொன்னேன், “அண்ணா, நீங்க ஏறாதீங்க, நான் ஏறினப்புறம் ஏறுங்க.” சரி என்று தலையாட்டினார். மறுநாளும் ஏறினார். அத்தனை வருடப் பழக்கம், கை கேட்கவில்லை.

பனிக்காலம் வந்தது. ஓசூர்ப் பக்கம் அந்த மாதங்களில் காலையில் எதிரே நிற்கிற மரமே தெரியாது. கெலமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று மாமனும் மச்சானும் லீவு போட்டுவிட்டார்கள். ஊர் முனையில் நானும் பெத்தண்ணனும் மட்டும் நின்றோம். வெயில் இல்லை, நிழல் இல்லை. முன்னால் இறங்கிக் காட்ட ஆட்களும் இல்லை.

“நடந்தே போயிடலாமாண்ணா?” என்றேன், அவர் காதருகில்.

“கம்பெனி கேட்டு மூடிடுவாங்க. நீ முன்னால போ. நீ எறங்கினா நான் எறங்கறேன்.”

அவரை முன்னால் விட்டால் என் மணி கேட்காது. பக்கத்தில் போனால் ஒருவர் தாரின் நடுவில் போக வேண்டும். அதனால் நான் முன்னால் போனேன். பின்னால் வருவதை நான் கேட்டு இறங்குவேன், அவர் என்னைப் பார்த்து இறங்குவார். அப்படித்தான் பாதி தூரம் போனோம். மூன்று நான்கு வண்டிகளுக்கு ஒழுங்காக இறங்கி ஏறினோம். ஒவ்வொரு தடவையும் நான் ஏறிய பிறகுதான் அவர் ஏறினார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஏரி வளைவு தாண்டியதும் கல் லாரி ஒன்று வந்தது. சத்தம் நிலத்தில் அதிர்ந்தது. நான் இறங்கினேன். பின்னால் அவர் சைக்கிள் பள்ளத்தில் இறங்கிய சத்தமும் கேட்டது. லாரி எங்களைக் கடந்து போயிற்று. அதன் இரைச்சல் ஓய ஓய, அதற்குள்ளிருந்தே இன்னொரு சத்தம் பிரிந்து வந்தது. சின்ன வண்டி, வேகமாக. நான் மண்ணிலேயே நின்றேன்.

அப்போது என் பின்னால் மணி இரண்டு தடவை அடித்தது.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. அவர் தாரின் மேல் ஏறி, பின்னால் பார்த்துவிட்டு, பனியில் ஒன்றும் தெரியாததால் எனக்குச் சாலை காலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு பிக்கப் வண்டி. கொத்தமல்லிக் கட்டு ஏற்றியது. விளக்குப் போட்டிருக்கவில்லை. கட்டுகள் சரிந்து சாலை முழுக்க நசுங்கி, அந்த இடமே பச்சை வாசனை அடித்தது. ஓட்டி வந்தவன் இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டு, “ஹாரன் அடிச்சேண்ணா, அடிச்சிக்கினேதான் வந்தேன், அவரு ஒதுங்கவே இல்லண்ணா,” என்று கூடினவர்கள் எல்லோரிடமும் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். பெத்தண்ணன் பள்ளத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் என்னைத்தான் விசாரித்தார். கூட வந்தவன் நான் ஒருவன்தான்.

“ஹாரன் அடிச்சும் ஒதுங்கலைங்கறான். இவருக்குக் காது கேக்காதா?”

வாசலில் அவருடைய கம்பெனி சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். பெத்தண்ணனின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“நல்லாக் கேக்கும் சார்,” என்றேன். “எங்க எல்லாரையும்விட நல்லாக் கேக்கும்.”

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் காது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரஸ் மிஷினுக்கு அவர் தேவைப்படவில்லை. வார்டில் பார்க்கப் போனபோது மருந்து மயக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு மணி அடிச்சேனே, கேட்டுச்சா?”

“கேட்டுச்சிண்ணா.”

என் உதட்டைப் பார்த்தார். புரியவில்லை போலிருந்தது. மறுபடியும் அதையே கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது நாங்கள் மூன்று பேர் போகிறோம். கடைசி சைக்கிள் என்னுடையது. லாரி கடந்ததும் நான் தாருக்கு ஏறி, பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்றும் வராது, இருந்தாலும் நிற்கிறேன். கட்டைவிரல் மணியின் மேல் இருக்கும், அழுத்த மனம் வராது. முன்னால் இருவரும் ஒரு காலை மண்ணில் ஊன்றி, திரும்பாமல் காத்திருப்பார்கள். மாமன் இப்போது அதிகம் பேசுவதில்லை.

“அடிப்பா,” என்பார் முன்னாலிருந்து. “கேட்டு மூடிடுவாங்க.”

இன்னொரு தடவை பின்னால் பார்ப்பேன். அப்புறம் அடிப்பேன்.