காக்கா தொட்டதா என்று கேட்டவள்

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். சேலம், பெங்களூரு, சோலாப்பூர் என்று வேலை கிடைத்த இடத்திலெல்லாம் இருந்துவிட்டுப் புனே வந்தேன். போசரியில் தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் சந்துகளில், பெண்களுக்குப் பால்வினை நோய்களையும் ஆணுறையையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலை. எங்களுக்குப் ‘படக்காரிகள்’ என்று பெயர். பையில் உறுப்புகளின் படங்கள் இருக்கும். பையைப் பார்த்தே கதவைச் சாத்துவார்கள்.

கூட வேலை செய்தவள் புனேயில் பிறந்த தமிழ்ப்பெண். மராட்டியில் யோசித்துத் தமிழில் பேசுவாள். மகளோடு அங்கேயே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஒருநாள் தமிழ்ப் பெண்களிடம் பேசும்போது, புதிதாகக் கல்யாணமான ஒருத்தியிடம், “கடைசியா எப்போ உன்னைக் காக்கா தொட்டுச்சு?” என்று கேட்டாள். மராட்டியில் மாதவிலக்கை அப்படிச் சொல்வார்கள். நம்மவர்களுக்குக் காகம் தலையில் தட்டினால் சாவுக்கு அறிகுறி. அந்தப் பெண் அழுதுகொண்டு எழுந்து போனாள். நான் உடனே விளக்கியிருக்கலாம். சிரித்துக்கொண்டிருந்தேன்.

மருமகளுக்குச் சாபம் கொடுத்துவிட்டாள் என்று அந்தப் பெண்ணின் மாமியார், என் தோழி குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் போனார். அறையைக் காலி செய்யும்படி உரிமையாளர் தோழியிடம் சொன்னார்.

நான் மாமியாரிடம் போனேன். “அவ வீட்டுக்குத் தூரமானதைத்தாம்மா கேட்டா. அவளுக்குத் தமிழ் அவ்ளோதான் வரும்.”

“தூரம்னு கேக்க வேண்டியதுதானே? நடுவுல காக்கா எதுக்குடி?” என்றவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உரிமையாளரிடம் வந்து தன் புகாரைத் திரும்பப் பெற்றார்.

உரிமையாளர் பொறுமையாகக் கேட்டார். காகம் போகட்டும், பையில் இருக்கும் படங்கள் குடும்பங்கள் வாழும் இடத்துக்கு ஆகாது, வேலையை விட்டால் அறையில் இருக்கலாம் என்றார்.

மகளுக்காகத் தோழி வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

வெளியே வந்ததும், “அக்கா, உன் ரூம்ல மூணு பேர் படுக்கலாமா?” என்றாள்.

“காலை மடக்கிப் படுத்தா ஆகும்.”

“பரீட்சை முடியற வரைக்கும் நீ வேற ஊருக்குப் போயிடாத.”

மறுவாரம் நாசிக் போவதாக இருந்தேன். அவளுக்கு அது தெரியாது. அங்கே வேலைக்குக் கூப்பிட்டவருக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார்.

வீட்டில் ஒரு பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றேன்.