பார்க்க மட்டும் ஒரு விமானம்

சின்னம்மாவை நினைக்கும்போது அவருடைய வலது கைதான் முதலில் என் கண்ணில் வரும். வானத்தில் விமானச் சத்தம் கேட்டதும் அந்தக் கை தன்பாட்டில் போய் அடுப்பை அணைத்துவிடும். புகை மேலே தெரிந்தால் ஆபத்து என்று போர்க்காலத்தில் விறகடுப்பில் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை அது. போர் முடிந்து, முள்ளிவாய்க்காலில் வீட்டுத்திட்ட வீடு எழும்பி, குசினிக்குள் காஸ் அடுப்பு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றை அந்த வீட்டில் எத்தனையோ தரம் தின்றிருக்கிறேன். "காஸ் அடுப்பில புகை வராதே, சின்னம்மா" என்று ஒருமுறை சொன்னேன். "அது எனக்குத் தெரியும், பிள்ளை. கைக்குத் தெரியேல்லை" என்றார்.

அவர் என் அம்மாவின் தங்கை. கடற்றொழில் செய்யும் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு போய் அந்தக் கரையிலேயே வாழ்ந்தவர். ஒரே மகனைப் போரின் கடைசி மாதங்களில் அதே மணலில் பறிகொடுத்தவர். அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். கதைப்பவர்களைத் தடுக்கவும் மாட்டார். எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். இன்று அவர் இல்லை. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து தண்ணீரூற்றில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பும்போது, கடற்பக்கமாக ஒரு ரோந்து விமானம் போவதைச் சில நாள் காண்கிறேன். அவர் இருந்திருந்தால் நிமிர்ந்து பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார் என்று தோன்றும். அவருக்கும் அந்த விமானத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது.

இத்தனைக்கும் சிறு வயதில் அவருக்கு விமானம் என்றால் ஆசை. அவருடைய ஐயா, அதாவது என் அம்மப்பா, உலகப் போர்க் காலத்தில் இளந்தாரியாகத் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வெள்ளைக்காரருடைய கடற்படையிடம் அப்போது சொந்த விமானங்கள் இருந்தன. துணி போர்த்திய உடம்பும், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கையும் கொண்டவை. கப்பலில் இடம் போதாதென்று அந்தச் செட்டைகளைப் பின்னால் மடித்து வைப்பார்களாம். "கொக்கு வந்து குந்தி மடிக்கிற மாதிரி" என்று அம்மப்பா இரண்டு கைகளையும் முதுகுப்பக்கம் கொண்டுபோய்க் காட்டுவார். கடலில் இறங்கி மிதக்கும் விமானங்களையும் அங்கே கண்டதாகச் சொல்வார். தானும் ஒருநாள் அப்படியொன்றைக் காணவேண்டும் என்று சின்னம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆசைப்பட்டாராம். பிறகு அவர் கண்ட விமானங்கள் வேறு. அவற்றை அவர் கண்டதாகவும் சொல்லமுடியாது. பதுங்குகுழிக்குள் முகம் குப்புறக் கிடப்பவர் எதைக் காண்கிறார்?

சித்தப்பா கடலில் காணாமற்போனது தென்மேற்குக் காற்று வீசும் ஒரு சோளகக் காலத்தில். எங்கள் கரையில் அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். இயந்திரம் நின்றுபோனால் படகை ஆழக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே போகும். அவரோடு போன கூட்டாளி, மலையகத்திலிருந்து வந்து அக்கராயனில் குடியேறிய குடும்பத்தவர். வயலில் வேலை இல்லாத காலத்தில் படகுக்கு வருவார். காலையில் திரும்பவேண்டியவர்கள் மாலையாகியும் வரவில்லை. மற்றப் படகுகள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பின. மறுநாள் மத்தியானம் காற்று இன்னும் கடுமையானபோது, சின்னம்மா சீலையை மாற்றிக்கொண்டு, செய்தி கேட்டு வந்திருந்த என் முன்னால் வந்து நின்றார்.

"வா பிள்ளை, காம்புக்குப் போவம். உனக்குச் சிங்களம் தெரியும்தானே."

கடற்படை முகாமைத்தான் சொன்னார். அதன் வாசலைக் கடக்க விரும்பாமல் சந்தைக்கே சுற்றுப்பாதையால் போகிற மனுசி. நான் திகைத்ததைப் பார்த்து, "நான் ஆரையும் மன்னிக்கப் போகேல்லை. என்ர மனுசனைத் தேடச் சொல்லப் போறன்" என்றார்.

வாசலில் நீண்ட நேரம் நின்றோம். பிறகு ஓர் இளம் அதிகாரி வந்து உள்ளே கூட்டிப்போய்க் கதிரை தந்தார். படகின் நிறம், போன திசை, எரிபொருள் எவ்வளவு இருந்திருக்கும் என்று பொறுமையாகக் கேட்டார். திருகோணமலைக்குத் தொலைபேசி எடுத்துப் பேசிவிட்டு, ஒரு கப்பலைத் திருப்புவார்கள், அதற்கு முன் விமானம் ஒன்றை அனுப்பிப் பார்ப்பார்கள் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் சின்னம்மாவின் முகம் மாறியது.

"அதுக்குள்ள என்ன இருக்குமெண்டு கேள்."

கேட்டேன். அதிகாரிக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் என்னை விட்டுவிட்டுச் சின்னம்மாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார்: "குண்டு இல்லை, அம்மா. கமரா இருக்கு. ரேடார் இருக்கு. பார்க்க மட்டும்."

"பார்க்க மட்டுமெண்டும் ஒரு பிளேன் இருக்கோ?"

அதன்பிறகு அதிகாரி சிங்களத்தில் விளக்கினார். நெடுங்காலமாக இந்தத் தீவின் கடற்படைக்கென்று சொந்த விமானம் இருக்கவில்லையாம். தொலைந்த படகைக் கப்பலில் நின்று கண்ணால்தான் தேடுவார்களாம். அலைக்குள் ஒரு சிறு படகு அருகில் கிடந்தாலும் தெரியாதாம். பிறகு பெரிய கப்பல்களின் பின்தட்டில் ஹெலிகொப்டர் இறங்கும் வசதி வந்தது. இப்போது போகப்போவது அயல்நாட்டுக் கடற்படை தந்த, இரண்டு விசிறி வைத்த விமானம். விமானப்படைக்காரரும் கடற்படைக்காரரும் சேர்ந்து ஏறிப் போவார்கள். சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது செட்டையை மடிக்குமோ?" என்றார். மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை. "இது மடிக்காது. கப்பலில் ஏறும் விமானங்கள்தான் மடிக்கும். அம்மா எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டார். "நான் காணேல்லை. ஐயா கண்டவர்" என்றார் சின்னம்மா. அம்மப்பாவைப் போலவே கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். பயமும் பசியுமாகக் காய்ந்திருந்த அந்த முகத்தில் ஒரு கணம் வேறு யாரோ வந்துபோனதைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் விமானம் வந்தது. கடற்கரையில் நின்ற பெண்களில் இரண்டு பேர் சத்தம் கேட்டதுமே குந்திவிட்டார்கள். என் தோளைச் சின்னம்மா பிடித்த பிடி அடுத்த நாளும் வலித்தது. ஆனால் குனியவில்லை. தாழப் பறந்து கிழக்கே போன அந்தச் சாம்பல் நிறப் புள்ளி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விமானத்தை "போ, போ, கெதியாப் போ" என்று அவர் அவசரப்படுத்தியதை நான் என் காதால் கேட்டேன்.

இருட்டுவதற்குள் செய்தி வந்தது. படகைக் கண்டுவிட்டார்கள்; கப்பல் வந்து சேரும்வரை விமானம் அதைச் சுற்றிக்கொண்டே நின்றதாம். மறுநாள் இரண்டு பேரையும் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. சின்னம்மா கஞ்சியோடு வந்து கட்டிலருகே இருந்தார். நான் சேலைன் போத்தலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "பிளேன் முதல்ல வரேக்க நாங்கள் வலைக்குள்ள பூந்து படுத்திட்டம்."

பக்கத்துக் கட்டிலில் கிடந்த கூட்டாளி, "நான்தான் அண்ணே, படுங்கன்னு இழுத்தேன்" என்றார்.

"நீ இழுக்க முந்தியே நான் படுத்திட்டன்" என்றார் சித்தப்பா.

தேடி வந்த விமானத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்கள். அது நேரே போயிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். சின்னம்மா ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கஞ்சிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நானெண்டாலும் படுத்திருப்பன்" என்றார். பிறகு, "பேந்து எப்பிடி எழும்பினனீங்கள்?"

"அது திரும்பி வந்தது. எதையோ தேடுற மாதிரி மெதுவா வந்தது. அப்பதான் யோசிச்சன், நீ கரையில சும்மா இருந்திருக்கமாட்டாய், ஆரிட்டையாவது போய்க் கேட்டிருப்பாய் எண்டு. எழும்பி, போட்டிருந்த சேர்ட்டைக் கழட்டி ஆட்டினனான்."

சின்னம்மா கஞ்சியைக் கரண்டியால் அள்ளி, ஊதி, அவர் வாயருகே கொண்டுபோனார். தன் கையாலேயே குடிக்கக்கூடிய நிலையில்தான் சித்தப்பா இருந்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லாமல் வாயைத் திறந்தார்.